250 ஓம் ஹெட்போனுக்கு ஐயாயிரத்துக்குள் ஆம்ப்: எத்தனை வாட் என்று கேட்காதீர்கள்

திருமங்கலத்தில் கல்யாண வீடியோ எடிட்டிங் செய்யும் ஒரு தம்பி கேட்ட கேள்வி இது: “அண்ணே, சென்னையில ஒருத்தர்கிட்ட பேயர்டைனமிக் டிடி 990 ப்ரோ, 250 ஓம், செகண்ட் ஹேண்ட்ல வாங்கினேன். போன்ல முழு வால்யூம் வச்சாலும் சத்தம் பத்தல. லேப்டாப்ல கொஞ்சம் பரவாயில்ல. இருபதாயிரத்துக்கு ஆம்ப் வாங்கினாத்தான் இந்த ஹெட்போன் ‘திறக்கும்’னு ஃப்ரெண்டு சொல்றான். கையில இருக்கறது ஐயாயிரம். என்ன வாங்கலாம்? அப்பா அசெம்பிள் பண்ணின ஆம்ப் ஒண்ணு வீட்ல கிடக்கு, அதுல மாட்டலாமா?”

முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், தம்பி. இருபதாயிரம் வேண்டாம். ஐயாயிரம் முழுதாகவும் தேவைப்படாது. 2 வோல்ட் கொடுக்கும் ஒரு யூஎஸ்பி டாங்கிள் (யூஎஸ்பியில் செருகி ஹெட்போனை மாட்டும் குட்டி ஆம்ப்) உங்கள் வேலைக்குப் போதும். பழைய மிக்ஸர் ஒன்று மலிவாகக் கிடைத்தால் இன்னும் நல்லது. அப்பாவின் ஆம்ப்பிலும் மாட்டலாம், ஆனால் ஒரு சோதனை செய்யாமல் மாட்டாதீர்கள். அப்படி மாட்டி ஒரு ஹெட்போனை எரித்தவன் நான். அந்தக் கதையைக் கடைசியில் சொல்கிறேன்.

நம் ஊரில் மைக் செட் கட்டுகிறவர்களைக் கவனித்திருப்பீர்கள். சித்திரைத் திருவிழா வந்தால் தெரு நெடுகக் குழாய் தொங்கும். ஆம்ப் பந்தலில் இருக்கும். கடைசிக் குழாய் நாலு தெரு தள்ளி ஒரு லைட் கம்பத்தில் இருக்கும். நடுவில் ஓடுவது சாதாரண மெல்லிய ஒயர்தான். எப்படிச் சமாளிக்கிறார்கள்? ஆம்ப்பின் முதுகில் 100 வோல்ட் என்று போட்ட முனையிலிருந்து ஒயரை எடுப்பார்கள், ஒவ்வொரு குழாயோடும் ஒரு சின்ன லைன் டிரான்ஸ்பார்மரைச் சேர்ப்பார்கள். வோல்ட் அதிகம், ஆம்பியர் குறைவு. அதனால் ஒயரில் வீணாவதும் குறைவு. அதே குழாயை அந்த டிரான்ஸ்பார்மரோடு கொண்டுபோய்க் கார் ஸ்டீரியோவில் மாட்டுங்கள், முனகத்தான் செய்யும். கார் ஸ்டீரியோ ஆம்பியரை அள்ளிக் கொடுக்கும், அந்த 12 வோல்ட்டைத் தாண்டி மேலே போக அதற்குத் தெம்பு கிடையாது.

250 ஓம் ஹெட்போனும் அந்தக் குழாய் மாதிரிதான். உள்ளே இருக்கும் காயிலில் ஒயர் மெல்லியது, சுற்று அதிகம். ஸ்டூடியோவில் ஒரே அவுட்புட்டில் நாலைந்து ஹெட்போனைச் சேர்த்து மாட்டினாலும் ஆம்ப் திணறக் கூடாது என்பதற்கு இந்த மாதிரி அதிக இம்பீடன்ஸ் (ஓமில் சொல்லும் மின்தடை) வசதி. போனுக்கு அது வசதி இல்லை. போனிடம் வோல்ட் கிடையாது. அரை வோல்ட், மிஞ்சினால் ஒரு வோல்ட். 32 ஓம் ஹெட்போன் அதிலேயே அலறும். 250 ஓம் அலறாது. அவ்வளவுதான் விஷயம். இதில் ‘திறப்பதற்கு’ ஒரு பூட்டும் இல்லை.

கணக்கைப் பார்த்துவிடலாம், எளிமையானதுதான். டிடி 990 ப்ரோவுக்கு 1 மில்லிவாட் கொடுத்தால் 96 டெசிபெல் என்று தயாரிப்பாளரே எழுதியிருக்கிறார். 250 ஓமில் 1 மில்லிவாட் வர அரை வோல்ட் வேண்டும். வோல்ட்டை இரட்டித்தால் 6 டெசிபெல் கூடும். ஆக 0.5 வோல்ட்டுக்கு 96, 1 வோல்ட்டுக்கு 102, 2 வோல்ட்டுக்கு 108, 4 வோல்ட்டுக்கு 114. 2 வோல்ட்டில் இந்த ஹெட்போன் குடிப்பது வெறும் 16 மில்லிவாட். இதற்குப்போய் யாராவது உங்களிடம் வாட் கணக்குப் பேசினால் சிரித்துவிட்டு நகர்ந்துவிடுங்கள்.

96 டெசிபெல்லே காதைத் துளைக்கும் சத்தமாயிற்றே, பிறகு ஏன் போனில் பற்றவில்லை என்று கேட்பீர்கள். நியாயமான கேள்வி. இந்த எண்கள் எல்லாம் பதிவின் உச்சத்துக்கு. சராசரிச் சத்தம் அதற்குக் கீழேதான் ஓடும். இப்போது வருகிற சினிமாப் பாட்டை நன்றாக அமுக்கி மிக்ஸ் செய்கிறார்கள், சராசரி சுமார் பத்து டெசிபெல் கீழே நிற்கும். ஒரு நாதஸ்வரக் கச்சேரிப் பதிவை எடுத்தால் தவில் அடிதான் உச்சம். மற்றதெல்லாம் இருபது டெசிபெல் கீழே. உங்கள் தொழிலில் இன்னொன்று உண்டு. மண்டபத்தில் கேமராவிலேயே எடுத்த ஆடியோ, பயந்து பயந்து லெவல் குறைத்து வைத்தது, முப்பது டெசிபெல் கீழேகூட இருக்கும். அதை அரை வோல்ட்டில் கேட்டால் ஐயர் மந்திரம் சொல்வதும் ஃபேன் சுற்றுவதும் ஒன்றாகத்தான் கேட்கும். அதோடு ஈக்வலைசர் போடுகிறவர்கள் சாதாரணமாக ஆறு டெசிபெல் குறைத்துவைத்துத்தான் தொடங்குவார்கள். அதை ஈடுகட்ட வோல்ட் இரண்டு மடங்கு வேண்டும். இதையெல்லாம் கூட்டிப் பார்த்துத்தான் 250 ஓமுக்கு 2 வோல்ட் என்று சொல்கிறேன். 4 இருந்தால் ராஜபோகம். அதற்கு மேல் போவது காசுக்கும் கேடு, காதுக்கும் கேடு.

எதையும் வாங்குவதற்கு முன்னால் வீட்டில் இருப்பதை அளந்து பாருங்கள். கடையில் தொங்கும் அந்த மஞ்சள் மல்டிமீட்டரே போதும். 50 ஹெர்ட்ஸ் சைன் டோன், முழு லெவலில் உள்ள ஃபைல் ஒன்றைப் போனில் போட்டு வால்யூமை முழுதாக வையுங்கள். ஒரு பழைய இயர்போன் ஒயரின் பின்னை வெட்டி எடுத்து ஜாக்கில் செருகி, லெஃப்ட் ஒயரில் ஒரு முனை, கிரவுண்டில் ஒரு முனை வைத்து ஏசி வோல்ட்டில் பாருங்கள். ஒயர் மேலே இருக்கும் அந்தப் பச்சை, செம்பு நிற லாக்கரைச் சால்டரிங் முனையால் பொசுக்காமல் அளந்தால் மீட்டர் பூஜ்யம்தான் காட்டும். நான் அரை மணி நேரம் அதில் முழித்திருக்கிறேன். மஞ்சள் மீட்டரில் ஏசிக்கு 200, 750 என இரண்டே ரேஞ்ச். 200-இல் வைத்தால் 00.5, 01.0 என்று ஒரு புள்ளிதான் காட்டும். நமக்கு அது போதும். ஏன் 50 ஹெர்ட்ஸ் என்றால், மலிவு மீட்டர்கள் கரண்ட் லைனை அளக்கச் செய்தவை. 1000 ஹெர்ட்ஸில் சில தப்பாகக் காட்டும். என் வீட்டில் அளந்ததில் போன் 0.5, லேப்டாப் 1.0, மேஜைக் கம்ப்யூட்டரின் முன்பக்க ஜாக் 1.9. கடைசி எண்ணைக் கவனியுங்கள். நல்ல மதர்போர்டுகள் சிலவற்றில் 2 வோல்ட் வரை வந்துவிடும். எடிட்டிங்குக்கு மேஜைக் கம்ப்யூட்டர் வைத்திருக்கிறீர்களா? அப்படியானால் முதலில் அதில் செருகிப் பாருங்கள். செலவே இல்லாமல் முடிந்துபோகலாம்.

அப்படி முடியவில்லை என்றால் டாங்கிள். கட்டை விரல் அளவு இருக்கும், யூஎஸ்பி-சியில் செருகுவது. இதில் இரண்டு வகை. 1 வோல்ட் கொடுப்பது மலிவு வகை. ஆப்பிளின் டாங்கிளும் அந்த அளவுதான், ஐரோப்பாவுக்கென்று வரும் மாடல் அதிலும் பாதி. சத்தம் சுத்தமாக இருக்கும், உங்கள் லேப்டாப் கொடுப்பதைவிட அதிகம் வராது. உங்களுக்கு வேண்டியது 2 வோல்ட் வகை. இதற்கு ஐயாயிரத்துக்குள்ளேயே நிறையத் தேர்வு இருக்கிறது.

டாங்கிளைப் போனிலும் பயன்படுத்தப் போகிறீர்கள் என்றால் ஒரு பள்ளம் இருக்கிறது. சில டாங்கிள்களுக்கு உள்ளே தனியாக ஒரு வால்யூம் உண்டு. கம்ப்யூட்டரும் ஐபோனும் அதை முழுதாக ஏற்றிவிடும். பல ஆண்ட்ராய்டு போன்கள் ஏற்றாது. நீங்கள் போனில் வால்யூமை முழுதாக வைத்தும் டாங்கிள் பாதியில் நிற்கும். ஆப்பிள் டாங்கிளை ஆண்ட்ராய்டில் மாட்டினவர்கள் எல்லோரும் சொல்லும் புகார் இதுதான். யூஎஸ்பி ஆடியோ பிளேயர் ப்ரோ மாதிரி டாங்கிளோடு நேரடியாகப் பேசும் ஆப் போட்டால் சரியாகும். ஆனால் அந்த ஆப்பில் கேட்கும் பாட்டுக்கு மட்டும்தான். டாங்கிளிலேயே வால்யூம் பட்டன் இருக்கும் மாடலாகப் பார்த்து வாங்கினால் பெரும்பாலும் இந்தத் தலைவலி இல்லை.

பெட்டியில் போட்டிருப்பதை எப்படிப் படிப்பது? ‘600 ஓம் வரை’ என்று அச்சடித்திருப்பார்கள். அதற்கு ஒரு அர்த்தமும் இல்லை; மாட்டினால் சத்தம் வரும், எவ்வளவு என்று சொல்லவில்லையே. 300 ஓமுக்கு எத்தனை மில்லிவாட் என்று போட்டிருந்தால் நேர்மையான ஆள். பெரும்பாலும் 32 ஓமுக்கு மட்டும்தான் போட்டிருப்பார்கள், அந்த எண்தான் பெரிதாகத் தெரியும். பரவாயில்லை, அதிலிருந்தே வோல்ட்டை எடுக்கலாம். மில்லிவாட்டை வாட்டாக்கி, ஓமால் பெருக்கி, வர்க்கமூலம் எடுங்கள். 32 ஓமுக்கு 200 மில்லிவாட் என்றால் 0.2 பெருக்கல் 32, அதாவது 6.4, அதன் வர்க்கமூலம் 2.5 வோல்ட். 250 ஓமில் அந்த ஆம்ப்புக்குச் சுமை குறைவு, அதனால் வோல்ட் குறையாது, கூடலாம். ஆகவே 2.5 என்பது குறைந்தபட்சம். இப்படிக் கணக்குப் போட்டு 1 வோல்ட்டுக்குக் கீழே வந்தால் அந்தப் பெட்டியை வைத்துவிட்டு வாருங்கள், அது எவ்வளவு பளபளப்பாக இருந்தாலும்.

பேலன்ஸ்டு அவுட்புட் (ஒவ்வொரு காதுக்கும் தனித்தனியாக இரண்டு கம்பி), 4 வோல்ட் என்று விற்கும் டாங்கிள்களும் உண்டு. வோல்ட் இரண்டு மடங்கு என்பது உண்மைதான். ஆனால் உங்கள் டிடி 990 ப்ரோவின் சுருள் ஒயர் கழற்ற முடியாதது, மூன்று கம்பி ஒயர். பேலன்ஸ்டுக்கு நான்கு வேண்டும். ஹெட்போனைப் பிரித்து ஒயர் மாற்றினால்தான் உண்டு. சென்ஹைசர் எச்டி 600 மாதிரி கழற்றும் ஒயர் உள்ளவர்கள் யோசிக்கலாம். நீங்கள் அந்தப் பக்கமே போக வேண்டாம்.

எனக்குப் பிடித்த வழியைச் சொல்கிறேன்: பழைய மிக்ஸர். பாட்டுக் கச்சேரிக் குழு வைத்திருந்தவர்கள், மைக் செட்காரர்கள் கழித்துவிட்ட நாலு சேனல், ஆறு சேனல் மிக்ஸர் ஒன்று விசாரித்தால் கிடைக்கும். ஃபேடர் ஒன்றிரண்டு செத்திருந்தாலும் நமக்குக் கவலை இல்லை. அதன் உள்ளே ±15 வோல்ட்டை ஒட்டிய சப்ளை ஓடுகிறது, அதனால் ஹெட்போன் ஜாக்கில் 250 ஓமுக்கு வேண்டிய வோல்ட் தாராளமாக வரும். கையில் திருகக் குமிழ் ஒன்று இருக்கிறது என்பதே பெரிய சுகம்; ராத்திரி முழுக்க எடிட் செய்கிறவருக்கு மவுஸால் வால்யூமை இழுப்பதைவிட அது எவ்வளவோ மேல். வாங்கும்போது உங்கள் ஹெட்போனையே எடுத்துக்கொண்டு போங்கள். எதையும் ஓடவிடாமல் ஹெட்போன் குமிழை மெதுவாக ஏற்றுங்கள். முக்கால் வரை ஒன்றும் கேட்கக் கூடாது. ஹம்மிங் வந்தால் பவர் சப்ளை கண்டென்சர் போய்விட்டது. குமிழைத் திருகும்போது கரகர என்றால் அது தூசி, கான்டாக்ட் கிளீனர் அடித்தால் போய்விடும், அதைச் சொல்லி விலையைக் குறையுங்கள். அப்புறம் குமிழின் தொடக்கத்தில், மிகக் குறைந்த சத்தத்தில், இரண்டு காதும் ஒரே அளவு கேட்கிறதா பாருங்கள். மலிவுக் குமிழ்கள் அங்கேதான் கோணும்.

சால்டரிங் தெரிந்தவராக இருந்தால் நீங்களே ஒன்று செய்துகொள்ளலாம். உயர் ஓம் ஹெட்போன் வைத்திருப்பவர்களுக்கு மட்டும் கிடைக்கும் சலுகை இது. என்இ5532 என்று ஒரு ஐசி, மதுரை டவுன்ஹால் ரோட்டுப் பக்கம் ஸ்பேர்ஸ் கடையில் கேட்டால் ஒரு டீ வடை காசுக்குள் கொடுப்பார்கள். பாஸ் டிரபிள் போர்டில் 4558 ஐசியைப் பிடுங்கிவிட்டு நம் ஆட்கள் போடுவார்களே, அதேதான். 600 ஓம் சுமைக்கு 10 வோல்ட் வரை கொடுக்கும் என்று அதன் டேட்டாஷீட்டே சொல்கிறது. 32 ஓமைக் கொடுத்தால் மூச்சு வாங்கும். 250 ஓம் அதற்குப் பூ மாதிரி. 2011-இல் NwAvGuy என்ற புனைபெயரில் ஒருவர் ஓ2 என்ற ஹெட்போன் ஆம்ப்பின் சர்க்யூட்டை முழுதாக எல்லோருக்கும் கொடுத்தார். இரண்டு 9 வோல்ட் பேட்டரியிலேயே ஓடும், அடாப்டரில் ஓட்டினால் 7 வோல்ட் வரை எட்டும். அந்த மனிதர் யார் என்றே தெரியாமல் அடுத்த வருடம் காணாமல் போய்விட்டார், சர்க்யூட் நிலைத்துவிட்டது. நீங்கள் செய்யும்போது கெயினை மட்டும் அளவாக வையுங்கள். லேப்டாப்பிலிருந்து 1 வோல்ட் வருகிறது, 4 வோல்ட் போதும் என்றால் கெயின் நாலுதான். இருபது, முப்பது என்று வைத்தால் ஹிஸ் கேட்கும், குமிழும் கடிகார முள்ளின் எட்டு மணி நிலையைத் தாண்டாது.

இப்போது அந்த ‘திறப்பது’. இரண்டு நல்ல ஆம்ப்களை ஒரே சத்தத்தில் வைத்துக் கேட்டால் டிடி 990-இல் வித்தியாசம் கண்டுபிடிப்பது எனக்கு முடிந்ததில்லை. சத்தம் ஒரு இழை கூடினாலே நன்றாக இருப்பதாகத் தோன்றும், ஏமாறுவது அங்கேதான். ‘ச’, ‘ஷ’ எல்லாம் ஊசியாகக் குத்துகிறது என்றால் அது இந்த ஹெட்போனின் பிறவிக் குணம். இருபதாயிரம் ரூபாய் ஆம்ப் போட்டாலும் குத்தும். 8000 ஹெர்ட்ஸை ஒட்டி ஈக்வலைசரில் நாலைந்து டெசிபெல் இறக்குங்கள், அடங்கிவிடும். அப்புறம், இது திறந்த முதுகு ஹெட்போன். நான் இருப்பது செல்லூரில். பக்கத்துத் தெருவில் தறி ஓடினால் அந்தத் தறியும் பாட்டோடு சேர்ந்து தாளம் போடும். அதை அமுக்க வால்யூமை ஏற்றாதீர்கள். 85 டெசிபெல்லில் எட்டு மணி நேரம் என்பது காதுக்குச் சொல்லும் வரம்பு, மூன்று டெசிபெல் ஏற ஏற நேரம் பாதி பாதியாகக் குறையும், 94 என்றால் ஒரு மணி நேரம்தான். வைகாசி முகூர்த்த சீசனில் நீங்கள் எத்தனை மணி நேரம் உட்காருவீர்கள் என்று எனக்குத் தெரியும்.

சரி, அப்பாவின் ஆம்ப். என் கதையைக் கேளுங்கள். பல வருடத்துக்கு முன்னால் 4440 ஐசி போட்ட ஆம்ப் போர்டு ஒன்று ரெடிமேடாக வாங்கி 12 வோல்ட் அடாப்டரில் ஓட்டிக்கொண்டிருந்தேன். ஸ்பீக்கர் முனையில் ஹெட்போன் ஜாக் ஒன்று வைத்தால் ராத்திரி கேட்கலாமே என்று, இரண்டு பிளஸ்ஸையும் லெஃப்ட், ரைட்டுக்குக் கொடுத்து, பொதுக் கம்பியைக் கிரவுண்டில் வைத்தேன். 32 ஓம் ஹெட்போன், தங்கச்சியுடையது. சுவிட்சைப் போட்டதும் இரண்டு காதிலும் ‘டப்’ என்று ஒரு அடி. அப்புறம் ஒன்றுமில்லை. கழற்றி மூக்கருகே வைத்தால் வார்னிஷ் கருகிய வாடை. அந்தப் போர்டில் சேனலுக்கு ஒரு ஐசி, இரண்டும் பிரிட்ஜ் முறையில் இணைத்தவை. அதில் ஸ்பீக்கரின் பிளஸ், மைனஸ் இரண்டு முனையிலும் எப்போதும் சப்ளையில் பாதி, 6 வோல்ட் டிசி நிற்கும். ஸ்பீக்கருக்கு இரண்டு பக்கமும் ஒரே 6 என்பதால் ஒன்றும் ஆகாது. நான் ஒரு பக்கத்தைக் கிரவுண்டுக்குக் கொண்டுபோனேன், 32 ஓம் காயில் வழியே ஒரு வாட்டுக்கு மேல் சூடு போய்விட்டது. போர்டை விற்றவர் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை.

ஆகவே சோதனை. ஆம்ப்பை அணைத்துவிட்டு, மல்டிமீட்டரைப் பீப் சத்தத்தில் வைத்து, லெஃப்ட் ஸ்பீக்கர் மைனஸையும் ரைட் ஸ்பீக்கர் மைனஸையும் தொடுங்கள், பிறகு ஒவ்வொன்றையும் ஆடியோ இன்புட்டின் கிரவுண்டோடு தொடுங்கள். எல்லாம் பீப் அடித்தால் பொதுக் கிரவுண்ட், நல்லது. அடிக்கவில்லை என்றால் பிரிட்ஜ். அதில் ஹெட்போன் பேச்சே வேண்டாம். இப்போது யூஎஸ்பியில் ஓடும் குட்டி டிஜிட்டல் ஆம்ப் போர்டுகள் பெரும்பாலும் இந்த வகைதான். பீப் அடித்த ஆம்ப்பை ஆன் செய்து, பாட்டு இல்லாமல், பிளஸ்ஸுக்கும் மைனஸுக்கும் நடுவே டிசி பாருங்கள். 50 மில்லிவோல்ட்டுக்குள் இருந்தால் மாட்டலாம்.

அப்பாவின் ஆம்ப் 12-0-12 டிரான்ஸ்பார்மரில் ஓடும் டிடிஏ2030 ஐசி என்றால் அதில் 9 வோல்ட் வரை வரும், நமக்கு அது அதிகம், ஹம்மிங்கும் ஹிஸ்ஸும் சேர்ந்து வரும். ஒவ்வொரு சேனலுக்கும் பிளஸ்ஸிலிருந்து 100 ஓம், 2 வாட் ரெசிஸ்டர் ஒன்று. அதன் மறுமுனை ஜாக்குக்கு. ஜாக்கின் அந்த முனையிலிருந்து கிரவுண்டுக்கு 33 ஓம் ஒன்று. 250 ஓம் ஹெட்போனுக்கு 2 வோல்ட் போகும், இரைச்சலும் அதே அளவு குறைந்துவிடும். சில பழைய ஸ்டீரியோக்களில் இருப்பது மாதிரி 330 ஓமை மட்டும் வரிசையில் போட்டும் ஒப்பேற்றலாம்; உங்கள் டிடி 990-க்குப் பெரிய வித்தியாசம் தெரியாது. ஆனால் எச்டி 600 வகைக்கு 100 ஹெர்ட்ஸ் அருகே இம்பீடன்ஸ் 500 ஓமை எட்டுவதால் பாஸ் இரண்டு டெசிபெல் போல உப்பிக்கொள்ளும். 100-33 ஜோடியில் அந்தத் தொல்லை இல்லை. ரெசிஸ்டர், ஜாக் எல்லாம் சேர்த்து ஐம்பது ரூபாய் ஆகாது. ஆம்ப்பை ஆன் செய்து, ஸ்பீக்கரில் வரும் அந்த ‘தொப்’ அடங்கின பிறகு ஹெட்போனைச் செருகுங்கள். அணைக்கும்போது முதலில் ஹெட்போனைப் பிடுங்குங்கள்.